முற்றுகையிடப்பட்ட நகரமும் வன்னி வாசகர்களும்

இலங்கையின் வடக்கே, வன்னியில், விசுவமடுவுக்கு அண்மையில் உள்ள எங்கள் வாசிகசாலையில் இந்த ஆண்டு அதிகமாகக் கைமாறிய நூல் ஓர் ஆங்கிலப் போர் நாவல். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் பயணத்தில் வாசித்து முடித்துவிட்டு இங்கே விட்டுச் சென்றது. கற்பனையான ஒரு துறைமுக நகரத்துக்குள் அயல்நாட்டுப் படை விடியற்காலையில் நுழைகிறது. நகரைக் காக்கும் சிறிய படையணி ஒன்றின் தளபதி, தலைமையகத்துடனான தொடர்பு அறுந்த நிலையில், பாலங்களைத் தகர்த்தும் தெருத்தெருவாகப் பின்வாங்கியும் எதிரியைத் தாமதப்படுத்துகிறார். துணைப்படை வந்து சேரும்வரை நகரம் தாக்குப்பிடிக்குமா என்பதே கதை. நூலின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். எங்கள் வாசகர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதி இந்த வகை நாவல்கள் பலவற்றுக்கும் பொருந்தும் என்பதால், ஒரு நூலையும் ஓர் ஆசிரியரையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையன்று.

எங்களில் ஆங்கில நாவலைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர்கள் சிலரே. ஆகையால் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் (எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான்) சனிக்கிழமை மாலைகளில் அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். வாசிக்க முடிந்தவர்கள் வார நாட்களில் நூலை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். ஓரங்களில் பென்சிலால் எழுதலாம், பேனாவால் எழுதக்கூடாது என்பது ரீச்சர் விதித்த ஒரே கட்டுப்பாடு. அந்தப் பென்சில் குறிப்புகளும், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் குறுக்கிட்டுச் சொன்னவையும் சேர்ந்து இன்று அந்தப் பிரதியை அச்சிட்டவர்கள் நினைத்திராத வேறொரு நூலாக மாற்றியிருக்கின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போரைப் பார்த்தவர்கள் போர்க்கதையை வெறுப்பார்கள் என்று வெளியூரில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. எங்கள் கூட்டத்தில் அப்படி நடக்கவில்லை. சனிக்கிழமைக்குக் கூட்டம் கூடியது. மழை நாளிலும் வந்தார்கள். முன்பு உழவு இயந்திரம் ஓட்டிய அண்ணை ஒருவருக்கு மிகவும் பிடித்தது எரிபொருளைப் பற்றிய அத்தியாயம். முன்னேறி வந்த டாங்கிகள் நகர எல்லையில் எண்ணெய் இன்றி நிற்பதும், அடுத்த தெருவில் இருக்கும் எண்ணெய்க் கிடங்குக்காக இரு தரப்பும் ஓர் இரவு முழுவதும் சண்டையிடுவதும் அதில் வருகின்றன. "இந்த ஆளுக்கு எண்ணெய்ட அருமை தெரிஞ்சிருக்கு" என்று அவர் மனதாரப் பாராட்டினார். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு இயந்திரத்தை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் வண்டியை ஓடவிட்ட தலைமுறை அவருடையது. எண்ணெய் என்பது வெறும் பொருளல்ல, ஒரு குடும்பம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதன் அளவு என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் அதை விளங்கி எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கும் ஐயமில்லை.

ஆனால் மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. நள்ளிரவுக்குள் நகரின் பெரும்பகுதியிலிருந்து பொதுமக்கள் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்பது அதன் பொருள். அவ்வளவுதான். அடுத்த வாக்கியத்தில் தளபதி வரைபடத்தை விரிக்கிறார். அந்த ஒற்றை வாக்கியத்தின் ஓரத்தில்தான் நூலின் வேறெந்தப் பக்கத்தையும்விட அதிகமான பென்சில் எழுத்து இருக்கிறது. "எந்த றோட்டால?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதன் கீழே, வேறு கையெழுத்தில், "ஆர் சொன்னது, எப்ப சொன்னது?" என்று இருக்கிறது. இன்னொருவர் "மாடு?" என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். கடைசியில் ரீச்சருடைய அழகான சாய்வெழுத்தில், "தண்ணி எங்கே எடுத்தார்கள்?" என்று இருக்கிறது.

நகரம் ஒன்று வெறுமையாவது எப்படி என்பதில் எங்கள் வாசகர்களுக்கு இருக்கும் அறிவு சாதாரணமானதன்று. கிளிநொச்சி 1996 செப்டெம்பரில் இராணுவத்தின் கைக்குப் போனது, 1998 செப்டெம்பரில் புலிகளிடம் மீண்டது, 2009 ஜனவரி 2ஆம் திகதி மறுபடியும் இராணுவத்திடம் வீழ்ந்தது. அதற்கு முன்பே, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனங்கள் ஒரே நேரத்தில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இடப்பெயர்வை எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் சிறுவர்களாகவோ இளைஞர்களாகவோ அனுபவித்திருக்கிறார்கள். அவர்களில் பலர் பிறகு கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்கு வந்தவர்கள். மழை பெய்துகொண்டிருந்த அந்த இரவில் ஒரு சில மைல்களைக் கடப்பதற்கு விடியும்வரை ஆனது. எவராலும் வேகமாக நடக்க முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்த இரவை ஒரு நாவலாசிரியர் எழுத நினைத்தால் அதற்கே முந்நூறு பக்கம் வேண்டும். இங்கே அது ஒரு வாக்கியமாக, அதுவும் செயப்பாட்டு வினையில் முடிந்துவிடுகிறது.

2009 ஜனவரியில் படையினர் கிளிநொச்சிக்குள் நுழைந்தபோது அங்கே ஊர் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. வீடுகளுக்குக் கூரை இல்லை. சரிந்து கிடந்த பெரிய நீர்த்தாங்கியைப் படமெடுக்கப் பிறகு பலர் வந்தார்கள். கூரைகள் எல்லாம் எறிகணையால் போனவை என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். பல வீடுகளில் சனங்களே தகரத்தையும் ஓடுகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மாட்டைப் பற்றி எழுதியவர் எங்கள் கூட்டத்தின் மூத்த ஐயா. அவர் விளக்கியது இதைத்தான். முதலில் நெல்லு மூட்டை, பிறகு கூரைத் தகரம், கதவு, நிலை, கிணற்றுக் கப்பி, பிறகு ஆட்கள். லாண்ட்மாஸ்ரர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் இடம் போதாவிட்டால் இரண்டு நடை. அடுத்த இடத்தில் இறங்கியதும் முதல் வேலை பங்கர் வெட்டுவது, இரண்டாவது வேலை அந்தத் தகரத்தைக் கம்பங்களில் ஏற்றுவது. "வீட்டைக் கழட்டிக்கொண்டு போறவன்தான் அகதி. சும்மா நடந்து போறவன் படத்தில வாறவன்" என்றார் ஐயா. இந்த நாவலின் பொதுமக்கள் ஒரு பெட்டியுடனும் ஒரு குழந்தையுடனும் போகிறார்கள். நூல் முடியும்வரை அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிவதில்லை.

நூலின் முகப்பில் இரண்டு பக்கத்துக்கு விரியும் வரைபடம் ஒன்று உண்டு. எதிரிப் படை வரும் வழிக்குத் தடித்த அம்புக்குறிகள், காப்பவர்களின் நிலைகளுக்குச் சிறு கட்டங்கள், பாலங்களுக்குப் பெயர்கள். உழவு இயந்திர அண்ணை அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, சனம் போன பாதையை யாரும் கீறவில்லையே என்றார். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியை அறிந்த ஒருவருக்கே அந்தக் குறை உடனே கண்ணில் படும். பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு என்று 2008இன் இறுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் கிளிநொச்சி நகரம் அந்த வீதியில்தான் இருந்தது: கடைகள், பள்ளிக்கூடங்கள், கந்தோர்கள், கோயில் விக்கிரகங்கள், எல்லாம் வண்டிகளின் மேலும் வீதி ஓரத்திலும். படைத்துறை நாவல்கள் நகரத்தை ஓர் இடமாக மட்டும் எடுத்துக்கொள்வதால்தான், அது பிடிக்கப்பட்டதா மீட்கப்பட்டதா என்ற கேள்வியுடன் அவற்றின் கதை முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணம். நகரத்தைச் சனங்களாக எடுத்துக்கொண்டால் கதைக்குள் முற்றிலும் வேறு கேள்விகள் வந்து நிற்கும். அவற்றுக்கு விடை சொல்ல ஆசிரியருக்கு ஆயுதக் கையேடு உதவாது.

இந்த வகைக் கதையின் வரலாற்றிலேயே இந்தக் கோணல் இருக்கிறது என்று ரீச்சர் ஒரு மாலையில் விரிவாகச் சொன்னார். 1871இல், பிரான்சைப் பிரஷ்யா தோற்கடித்த கையோடு, இந்தியாவில் பணியாற்றிய ஜோர்ஜ் செஸ்னி என்ற பிரித்தானியப் பொறியியல் படை அதிகாரி ஒரு கதையை வெளியிட்டார். எதிரிப் படை இங்கிலாந்தில் இறங்கி, லண்டனுக்குத் தெற்கே டோர்க்கிங் என்ற ஊருக்கு அருகே பிரித்தானியப் படையைத் தோற்கடிப்பதாக எழுதிய அந்தக் கதையின் நோக்கம், நாட்டின் படை ஆயத்தமாக இல்லை என்று எச்சரிப்பது. அதைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான படையெடுப்புக் கதைகள் வந்தன. 1906இல் டெய்லி மெயில் நாளிதழ் வெளியிட்ட தொடர்கதை ஒன்றில், ஜேர்மன் படை எந்த ஊர்கள் வழியாக முன்னேற வேண்டும் என்பதையே பத்திரிகையின் விற்பனையைக் கருதி மாற்றினார்கள். கதாசிரியர் வகுத்த வழி சிற்றூர்களூடாகப் போனது. பத்திரிகை உரிமையாளரோ வாசகர்கள் நிறைந்த பெரிய ஊர்களூடாகப் படை போக வேண்டும் என்று விரும்பினார். அன்று தொடக்கம் இன்றுவரை, படையெடுக்கப்படும் நகரம் என்பது பெரும்பாலும் படையெடுக்கப்படாத ஊரில் இருப்பவருக்காக வரையப்படும் ஒன்று. அவருக்கு நாடி துடிக்க வேண்டும், பிறகு நூலை மூடிவிட்டு உறங்க வேண்டும். இதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் வரைபடத்தின் உள்ளே வாழ்ந்தவர்களும் அதை வாசிப்பார்கள் என்று எண்ணி எழுதியவர்கள் மிகக் குறைவு.

தண்ணீர் பற்றிய ரீச்சரின் கேள்விக்கு நாவலில் விடை இல்லை. நகரம் சூழப்பட்டு நாட்கள் போகின்றன; மின்சாரம் முதல் நாளிலேயே நின்றுவிடுகிறது. நீரேற்று நிலையம் ஒன்று குண்டுவீச்சில் எரிவதை ஆசிரியர் ஒரு பக்கம் வருணிக்கிறார். அதன் பிறகு எவரும் தாகம் என்று சொல்வதில்லை. 1992இலிருந்து 1996வரை முற்றுகையில் இருந்த சரயேவோவில் சனங்கள் பியர் வடிசாலையின் ஊற்று நீருக்காகக் கான்களுடன் வரிசையில் நின்றார்கள்; அந்த வரிசைகளும் எறிகணைக்கு இலக்காயின. 2022இல் மரியுப்போலில் பனியை உருக்கிக் குடித்தார்கள். 2009இல் எங்கள் கடற்கரையில், மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும், வேறு விதமான சிக்கல் இருந்தது. மணலைத் தோண்டினால் சற்று ஆழத்திலேயே தண்ணீர் ஊறும், ஆகவே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் ஒளிந்திருக்கப் பங்கர் ஆழமாக வெட்ட முடியாது. வெட்டினாலும் மணல் சரியும். பெண்கள் சேலைகளைக் கிழித்து மூட்டை தைத்து, மணல் நிரப்பி, சுவரை நிறுத்தினார்கள். நல்ல நாட்களில் உடுத்தவென்று பெட்டியின் அடியில் வைத்திருந்த கூறைச்சேலையும் அதில் போனது. இதை ஒரு நாவலாசிரியர் கற்பனையால் எட்டிப்பிடிப்பது கடினம்தான். ஆனால் கேட்டு அறியலாம். டாங்கியின் கவசத் தடிப்பை மில்லிமீற்றர் கணக்கில் விசாரித்து அறிந்தவருக்கு அதைக் கேட்டறிவது முடியாத காரியமன்று.

மருத்துவமனை பற்றிய அத்தியாயம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. நிலவறையில், கைவிளக்கின் வெளிச்சத்தில், ஒரு தாதி இரவு முழுவதும் காயக்காரர்களைப் பார்க்கிறாள்; நூலில் மனிதர்கள் மனிதர்களாக இருக்கும் இருபது பக்கங்கள் அவை. ரீச்சர் அதைச் சொல்லி முடித்தபோது, போர்க்காலத்தில் வைத்தியசாலை ஒன்றில் சிற்றூழியராக இருந்த அக்கா மட்டும் தலையாட்டவில்லை. "எல்லாம் சரி ரீச்சர். ஆனா ஆஸ்பத்திரி ஏன் கடைசிமட்டும் ஒரே இடத்தில நிக்குது?" என்று கேட்டார். கிளிநொச்சி வைத்தியசாலை தருமபுரத்துக்கும், பிறகு விசுவமடு, உடையார்கட்டு என்றும் நகர்ந்தது, புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்குப் பிறகு 2009 பெப்ரவரியில் புதுமாத்தளனுக்குப் போனது, அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கு. ஒவ்வொரு முறையும் கட்டில்களையும், கிருமியழிக்கும் பாத்திரத்தையும், இருக்கும் மருந்துகளையும், எழுந்து நடக்க முடியாதவர்களையும் ஏற்ற வேண்டும். புதிய இடம் பள்ளிக்கூடமாக இருக்கும். வாங்கு மேசைகளே கட்டிலாகும். நாவலின் தாதி தன் நிலவறையை நம்பி இருக்கிறாள். அக்காவுக்கு அப்படி நம்பி இருக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் குறை கூறும் தொனி இல்லை. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் வேலையைப் பார்த்து விடுபட்டதைச் சுட்டிக்காட்டும் கண்டிப்பே இருந்தது. இந்த நூலைப் பற்றி நான் கேட்ட கருத்துகளுள் மிகக் கூர்மையானது இதுதான் என்று கருதுகிறேன்.

ஒலிகளைப் பற்றி எல்லோருக்கும் கருத்து இருந்தது. எறிகணை தலைக்கு மேல் கூவிக்கொண்டு வர, கதாநாயகன் பாய்ந்து படுக்கும் காட்சி நூலில் பலமுறை வருகிறது. கூவிப் போகிற செல் மற்றவனுக்கு என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரிந்தது. மோட்டார் எறிகணை மேலே ஏறி இறங்குவதால், அதை ஏவும்போது குத்துகிற சத்தம் முதலில் கேட்கும். பங்கருக்குள் இறங்கச் சில நொடிகள் கிடைக்கும். நாற்பது குழல் மல்ரிபரலுக்கு (பல்குழல் ரொக்கெற் ஏவிக்கு) அந்த அவகாசமும் இல்லை, அது அரை நிமிடத்துக்குள் ஒரு குடியிருப்பு முழுவதையும் மூடிவிடும். வேவு விமானத்துக்கு நாங்கள் வண்டு என்று பெயர் வைத்திருந்தோம். நாவலிலும் அது வருகிறது, ஆனால் குறி பார்க்கும் கருவியாக மட்டும். நாள் முழுவதும் இரைந்துகொண்டே இருக்கும் அந்தச் சத்தத்தின் கீழே அடுப்பு மூட்டலாமா, புகை தெரியுமா என்று யோசித்துக்கொண்டே கஞ்சி காய்ச்சுவது எப்படி இருக்கும் என்பது அதில் இல்லை.

கூட்டத்தில் இளையவன் உயர்தர வகுப்பில் படிக்கும் ஒரு தம்பி. போர் முடிந்த பிறகு பிறந்தவன். நூலை ஆங்கிலத்திலேயே முழுமையாக வாசித்துவிட்டான், அதன் வேகத்தை ரசித்தான், ட்ரோன் தாக்குதல் காட்சியை இரண்டு முறை வாசித்ததாகச் சொன்னான். மூன்றாம் அத்தியாய வாக்கியத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவன் திடீரென்று, "அப்ப நீங்கள் ஏன் முந்தியே வெளிக்கிட்டுப் போகேல்லை?" என்று கேட்டான். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. அவனுடைய கேள்வியில் அவமதிப்பு இல்லை. அந்த நாவல் சொல்வதைப்போல ஒரே இரவில் நகரம் காலியாக முடியும் என்று நம்பிய பிள்ளையின் நேர்மையான கேள்வி அது.

"எங்க போறது, தம்பி?" என்று ஐயாதான் தொடங்கினார். 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது அவர்களுடைய வாசலில் நின்று போகவேண்டாம் என்று கேட்ட சனத்தில் தாமும் ஒருவர் என்றார். 2009 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குப் போனார்கள். அங்கும் செல் விழுந்தது. பெப்ரவரியில் வேறு வலயம், கடற்கரையில். முந்திப் போக நினைத்தவர்களைப் புலிகள் போகவிடவில்லை. பிள்ளைகளைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அக்கா சொன்னார். சொல்லும்போது எவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. அரச படைகள் மருத்துவமனைகள் மீதும் பாதுகாப்பு வலயங்கள் மீதும் எறிகணை வீசியதையும், வெளியேற முயன்ற சனங்களைப் புலிகள் தடுத்துச் சுட்டதையும் 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை நம்பத்தக்க குற்றச்சாட்டுகளாகப் பதிவு செய்திருக்கிறது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்றும் அது சொன்னது. தம்பி இவற்றில் சிலவற்றைக் கேள்விப்பட்டிருந்தான். ஆனால் தன் ஊரைச் சேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் மறுத்தும் திருத்தியும் ஒரே இடத்திலிருந்து பேசக் கேட்டது அதுவே முதல் முறை என்றான். இரு தரப்பு என்று எளிதாகப் பிரித்து எழுதும் ஒரு நாவல், தான் எழுதாமல் விட்ட மூன்றாவது தரப்பை இப்படிப் பேசவைத்தது. அதற்காக அந்த ஆசிரியருக்கு நான் நன்றி சொல்லவே வேண்டும்.

வன்னியில் போர்நூல் வாசிப்பு இன்று தொடங்கியதன்று. மாஸ்கோவில் தமிழில் அச்சாகி மலிவு விலையில் வந்த சோவியத் நூல்கள் ஒரு காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு இருந்தன; இடம்பெயர்வுகளில் பல எங்கள் பங்கர்களுக்குள்ளேயே நனைந்து அழிந்தன. அவற்றில் பிரசாரம் இருந்தது, அதை நாங்கள் அறிவோம். ஆனாலும் அவற்றில் ரொட்டி இருந்தது. லெனின்கிராட் முற்றுகையில், 1941இன் குளிர்காலத்தில், வேலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி என்று வகுக்கப்பட்டதை அறிந்த ஒரு வாசகருக்கு, முற்றுகை பற்றிய எந்த நூலிலும் அந்த அளவை எதிர்பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. இணையத்தில் இந்த நாவலைப் பாராட்டியவர்கள் பலர் அதன் துல்லியத்தையே பாராட்டியிருக்கிறார்கள். எங்கள் வாசகர்களும் கேட்டது துல்லியத்தைத்தான். துப்பாக்கி ரவையைக் கணக்கிட்டவர் அரிசியையும் கணக்கிட வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. அதை இரக்கத்தின் பெயரால் கேட்கவில்லை, வேலை சரியாகச் செய்யப்பட வேண்டும் என்பதற்காகக் கேட்டார்கள்.

இந்த நூலை வாசிக்கலாமா என்று எவராவது என்னைக் கேட்டால், வாசியுங்கள் என்றே சொல்வேன். எரிபொருள் அத்தியாயமும் மருத்துவமனை அத்தியாயமும் எந்தப் போர் நாவலுடனும் வைத்துப் பேசத் தகுந்தவை. அரசியல் தலைவர்கள் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் பக்கங்களைத் தாண்டிப் போகலாம், ஒன்றும் குறையாது. கடைசி அத்தியாயத்தில் துணைப்படை வந்து நகரம் மீட்கப்படுகிறது, கொடி ஏறுகிறது, திரும்பி வரும் சனங்களைப் பற்றி அங்கேயும் ஒரு வாக்கியம்தான். மிதிவெடி அகற்றும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து தங்கள் காணிக்குத் திரும்பியவர்கள் அந்தப் பக்கத்தில் பென்சிலால் எதுவும் எழுதவில்லை. எழுத இடம் போதாது என்றார் உழவு இயந்திர அண்ணை.

வாசிகசாலையில் இப்போது ஒரு விவாதம் நடக்கிறது. உயர்தர மாணவர்களுக்கு ரீச்சர் இந்த நாவலை மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டும், பென்சில் குறிப்புகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று தம்பி கேட்கிறான். முதலில் ஏ35 வீதியின் கதையை ஐயா சொல்லட்டும், அதை எழுதிவைப்போம், நாவல் பிறகு வரட்டும் என்கிறார் அக்கா. நான் அக்காவின் பக்கம். ஐயா இன்னும் சம்மதிக்கவில்லை. தனியாகச் சொல்ல முடியாது, அந்த வீதியில் தன்னோடு வந்தவர்களையும் கூப்பிட வேண்டும் என்கிறார்.